பலா மரமும் சுமை முறையும்: தறி வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

மாகறலிலும் செய்யாற்றங்கரைச் சுற்று ஊர்களிலும் தறி வீடுகளில் பிறந்து, பட்டம் படித்து, விடிவதற்குள் கம்பெனி பஸ் ஏறி ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் போய்வரும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,



போன ஞாயிறு சாயங்காலம் கோயில் வாசலில் உங்களில் ஆறேழு பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தீர்கள். நானும் வழக்கம்போல் ஒரு ஓரமாகக் கால் நீட்டியிருந்தேன். ஒரு தம்பி கைபேசியை என்னிடம் நீட்டி, "பெரியப்பா, பத்தே கேள்விதான். பதில் சொல்லுங்க, நீங்க எந்தப் பக்கம்னு இதுவே சொல்லிடும்" என்றார். சொன்னேன். சாய்சதுரமாக ஒரு கட்டம் வந்தது. என் புள்ளி நட்டநடுவில் விழுந்தது. உங்கள் புள்ளிகள் எல்லாம் உச்சி முனையில் இருந்தன. "அது லிபர்டேரியன் மூலை. அரசாங்கம் நம்ம வழியில வராம இருந்தாப் போதும்னு சொல்றவங்க" என்று விளக்கினீர்கள். உடனே சண்டை தொடங்கிவிட்டது. "அப்படின்னா டிரம்ப் கட்சிதான்" என்றார் ஒருவர். "கஞ்சாவுக்குத் தடை கூடாதுன்றாங்க, எல்லைக் கதவைத் திறன்றாங்க, இது எப்படி டிரம்ப் கட்சியாகும்? டெமாக்ரட்தான்" என்றார் ஒரு தங்கை. மூன்றாமவர், "எதுவா இருந்தா என்ன, நம்ம ஊர்ல இப்படி ஒரு கட்சி வந்தாத்தான் உருப்படும்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

எனக்கு அப்போது வாய் வரவில்லை. முப்பது வருஷம் தறிக்குழியில் கால் தொங்கவிட்டவனுக்குச் சட்டென்று பேச வராது. பாவைப் புணைப்பதுபோல் ஒவ்வோர் இழையாகத்தான் வரும். அதனால் எழுதுகிறேன். மூன்றாமவருக்கு முதல் பதில்: அப்படி ஒரு கட்சி இங்கே வந்தது, தம்பி. நம் மாநிலத்தில்தான் பிறந்தது. காஞ்சிபுரத்து நெசவாளர் வீட்டுப் பிள்ளை ஒருவர் முதலமைச்சர் நாற்காலியில் உட்காரத் தோள் கொடுத்தது. பிறகு காணாமலும் போனது.

அந்தக் கதைக்கு முன்னால் நம் ஊர்க் கதை ஒன்று. நீங்கள் பாட்டியிடம் கேட்டிருப்பீர்கள். இங்கே தினம் ஒரு கனி கொடுக்கும் பலா மரம் ஒன்று இருந்ததாம். அந்தக் கனி நாள்தோறும் தில்லை நடராசருக்குப் போக வேண்டும், பிறகு பிரசாதமாகத் தனக்கு வர வேண்டும் என்று ராஜேந்திர சோழன் கட்டளையிட்டான். அதற்காக ஊரில் வீட்டுக்கு ஒருவர் முறை வைத்துச் சுமந்தார்கள். ஒரு நாள் முறை ஒரு சிறுவன் வீட்டுக்கு வந்தது. அவன் யோசித்தான்: இந்த மரம் இருப்பதால்தானே இந்தச் சுமை? மரத்தையே கொளுத்திவிட்டான். அரசன் அவனை ஊர் எல்லைக்கு அப்பால் விரட்டிவிட்டுத் திரும்பும் வழியில்தான் பொன்னிற உடும்பைக் கண்டான், துரத்தினான், அது புற்றுக்குள் நுழைந்தது, அங்கே ஈசன் வெளிப்பட்டான் என்று தல வரலாறு மேலே போகிறது. லிங்கத் திருமேனி உடும்பின் வால்போல் மெலிந்திருப்பதற்கும் அதுவே காரணம் என்பார்கள். உடும்பைப் பற்றி ஊரே பேசும். அந்தப் பையனைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு அவன்மேல்தான் கண். அவன் கோபம் நியாயம். தில்லைக்குக் கனி போக வேண்டும் என்று ஊர் கேட்கவில்லை, சுமக்கச் சம்மதமா என்று ஊரை யாரும் கேட்கவும் இல்லை. ஆனால் எரிக்க வேண்டியது சுமை முறையை. அவன் எரித்தது மரத்தை.

நீங்கள் உச்சி முனையில் புள்ளி வைத்த அந்தக் கொள்கையின் பலமும் பலவீனமும் இந்த ஒரு கதையில் இருக்கின்றன என்பது என் எண்ணம்.

அமெரிக்காவில் ஆரம்பிப்போம். அங்கே ரிபப்ளிகன் கட்சி வரி குறைய வேண்டும், வியாபாரத்தில் அரசு தலையிடக் கூடாது என்று வெகுகாலம் பேசிவந்தது; ஆனால் குடும்பம், மதம், காவல், படை என்று வந்தால் அரசின் கை வலுவாக இருக்க வேண்டும் என்றது. டெமாக்ரட் கட்சி படுக்கையறையிலும் பேச்சுரிமையிலும் அரசு நுழையாதே என்றது. சந்தையில் மட்டும் நுழைந்து ஒழுங்குபடுத்து என்றது. இரண்டு இடத்திலும் நுழையாதே என்பவர் லிபர்டேரியன். நீங்கள் காட்டிய கட்டத்தின் மூலம் டேவிட் நோலன் என்பவர் வரைந்த படம். இடது, வலது என்று ஒரே கோட்டில் மனிதர்களை நிறுத்தினால் தன்னைப் போன்றவர்களுக்கு இடமே இல்லை என்பதால், அவர் கோட்டைச் சதுரமாக்கினார்.

அதே நோலனும் நண்பர்களும்தான் 1971 டிசம்பரில் கொலராடோ மாநிலத்தில் லிபர்டேரியன் கட்சியைத் தொடங்கினார்கள். தூண்டிய காரியம் சுவாரஸ்யமானது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று நிக்சன் நாடு முழுவதும் கூலியையும் விலையையும் 90 நாள் உறைய வைத்தார்; டாலருக்குத் தங்கம் தருவதையும் நிறுத்தினார். நிக்சன் ரிபப்ளிகன். சந்தைக்குக் காவல் என்று நம்பிய கட்சியே சந்தைக்குப் பூட்டுப் போட்டதைப் பார்த்துத்தான் இவர்கள் தனிக் குடித்தனம் போனார்கள்.

தனிக் குடித்தனம் செழிக்கவில்லை. 1972-இல் தத்துவப் பேராசிரியர் ஜான் ஹாஸ்பர்ஸ் முதல் வேட்பாளர். இரண்டே மாநிலங்களில் வாக்குச்சீட்டில் அவர் பெயர் இருந்தது. ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்க வர்ஜீனியா அனுப்பிய ரிபப்ளிகன் பிரதிநிதி (எலக்டர்) ஒருவர் நிக்சனுக்குப் போட வேண்டிய ஓட்டை மாற்றி ஹாஸ்பர்ஸுக்கும் துணை வேட்பாளர் டோனி நாதனுக்கும் போட்டார். அமெரிக்க வரலாற்றில் எலக்டோரல் ஓட்டுப் பெற்ற முதல் பெண் டோனி நாதன்தான். அதன் பிறகு மிக உயர்ந்த அறுவடை 2016-இல்: கேரி ஜான்சனுக்கு ஏறத்தாழ 45 லட்சம் வாக்கு, 3 சதவீதத்துக்குச் சற்று மேல். அவருக்கு எலக்டோரல் ஓட்டு ஒன்றுகூட விழவில்லை. 2024-இல் சேஸ் ஆலிவர் அரை சதவீதத்தைத் தொடவில்லை.

காரணம் நமக்குத் தெரிந்ததுதான். அவர்களுடையதும் நம்முடையதைப் போல அதிக வாக்கு வாங்கியவருக்கே எல்லாம் என்ற முறை. 20 பேரில் ஒருவர் ஊர் ஊருக்கு உங்கள் பக்கம் இருந்தாலும் எந்த ஊரிலும் நீங்கள் ஜெயிக்க முடியாது. அதனால் அந்தக் கொள்கைக்காரர்களில் சூட்டிகையானவர்கள் பெரிய வீட்டுக்குள்ளேயே ஓர் அறை பிடிக்கப் பார்த்தார்கள். ரான் பால் 1988-இல் லிபர்டேரியன் வேட்பாளர். பிறகு ரிபப்ளிகனாகவே காங்கிரஸுக்குள் திரும்பிப் போய், 2008-இலும் 2012-இலும் அந்தக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் போட்டியில் நின்றார். அங்கே கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பது வாக்காளர்; தலைவர் வீட்டு வாசலில் காத்துக்கிடக்க வேண்டியதில்லை. ஆகவே வெளி ஆளும் உள்ளே வரலாம்.

இன்னொன்றும் நடந்தது, உங்கள் சண்டைக்கு அதுதான் பதில். கொள்கையைப் பெரிய கட்சிகள் இரண்டும் தங்களுக்கு வேண்டிய அளவுக்கு வெட்டி எடுத்துக்கொண்டன. கட்டாய ராணுவ சேவை கூடாது என்று பொருளாதார அறிஞர் மில்டன் ஃபிரீட்மன் ஓயாமல் வாதாடினார். 1973-இல் அதை முடித்துவைத்தது, லிபர்டேரியன்கள் வெறுத்த அதே நிக்சனின் அரசு. விமானக் கட்டணத்தையும் வழித்தடத்தையும் அரசு தீர்மானிப்பதை 1978-இல் ஒழித்தவர் கார்ட்டர், டெமாக்ரட். ஆக, "அது யார் கட்சி" என்று கேட்டால் பதில் இல்லை. எந்தத் துண்டு, எந்த ஆண்டில், யார் கையில் என்று கேட்டால் பதில் உண்டு.

2024 மே மாதம் டிரம்ப் அந்தக் கட்சியின் தேசிய மாநாட்டுக்கே போய் ஆதரவு கேட்டார். கூட்டம் கூச்சலிட்டு எதிர்த்தது. இருந்தாலும் ஒரு வாக்குறுதியில் கைதட்டல் விழுந்தது: இணையத்தில் கள்ளச் சந்தை நடத்தி ஆயுள் தண்டனை பெற்ற ராஸ் உல்பிரிக்டை விடுவிப்பேன் என்றார். பதவியேற்ற மறுநாளே, 2025 ஜனவரி 21 அன்று, மன்னிப்பு வழங்கினார். சொன்னதைச் செய்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் முடிவதற்குள் இந்தியப் பொருள்கள்மேல் 50 சதவீத வரியும் போட்டார். திருப்பூரில் தைத்து வைத்த பனியன் கட்டுக்கட்டாகத் தேங்கியது. தடையற்ற வணிகம் லிபர்டேரியன்களுக்கு வேதம். ரான் பாலின் மகன் ரேண்ட் பால் ரிபப்ளிகன் செனட்டராக இருந்துகொண்டே அந்த வரிகளை எதிர்த்தார். எதிர்த்து என்ன? ஒரு கைதிக்கு விடுதலை கிடைத்தது, உலக வணிகத்துக்கு விலங்கு வந்தது. பெரிய கட்சியிடம் ஒரு துண்டைக் கொடுத்தால், எந்தத் துண்டை வைத்துக்கொள்வது என்று தீர்மானிப்பது அவர்கள்தான்.

இனி நம் கதைக்கு வருகிறேன்.

1959 ஜனவரி, நாக்பூர் காங்கிரஸ் மாநாடு. நிலங்களைச் சேர்த்துக் கூட்டுறவுப் பண்ணையாக உழ வேண்டும் என்று தீர்மானம். அதே ஆண்டு ஜூனில் சென்னையில் சுதந்திராக் கட்சி அறிவிக்கப்பட்டது. முன்னால் நின்ற ராஜாஜிக்கு அப்போது வயது 80. அந்த வயதில் மற்றவர்கள் உயில் எழுதுவார்கள். அவர் கட்சி ஆரம்பித்தார். ஆந்திரத்து விவசாயத் தலைவர் என்.ஜி. ரங்கா, பம்பாயின் மினு மசானி, கே.எம். முன்ஷி ஆகியோர் சேர்ந்தார்கள். எதைச் செய்யவும் அனுமதிச் சீட்டு, எதை வாங்கவும் ஒதுக்கீடு என்றிருந்த அந்த ஆட்சிமுறைக்கு லைசென்ஸ்-பெர்மிட்-கோட்டா ராஜ்யம் என்று பெயர் வைத்தவர் ராஜாஜிதான். இன்று அந்தச் சொல்லைச் சொல்பவர்கள் பலருக்கு அது தெரியாது. கட்சியின் 21 கொள்கைகளுக்கு வெளியே உள்ள எந்த விஷயத்திலும் உறுப்பினர் தன் விருப்பப்படி பேசலாம், வாக்களிக்கலாம் என்பது அவர்கள் விதி. கொறடா சொல்லுக்குத் தலையாட்டும் இன்றைய சட்டமன்றத்தைப் பார்க்கும்போது அது கனவுபோல் இருக்கிறது.

இதை அமெரிக்கக் கட்சியோடு அப்படியே சமமாக வைக்க வேண்டாம். ஜெய்ப்பூர் மகாராணி காயத்ரி தேவியும் ராம்கர் ராஜாவும் அதில் இருந்தார்கள். நில உச்சவரம்பைக் கண்டு அஞ்சியவர்களும் இருந்தார்கள். சுதந்திரத்துக்காக வந்தவர் யார், நிலத்துக்காக வந்தவர் யார் என்று பிரிப்பது கஷ்டம். ஆனாலும் அரசு பெருத்துவிட்டது என்று சொல்லி அகில இந்திய அளவில் வாக்குக் கேட்ட கட்சி அது, வாக்கும் வாங்கியது. 1962-இல் மக்களவையில் 18 இடம், 1967-இல் 44. அந்த அவையில் காங்கிரஸுக்கு அடுத்த பெரிய கட்சி அதுதான். லிபர்டேரியன் கட்சி ஐம்பது வருஷத்தில் பார்க்காததை இவர்கள் எட்டு வருஷத்தில் பார்த்தார்கள்.

தமிழ்நாட்டில் எப்படிப் பார்த்தார்கள் என்பதுதான் நம் ஊர் சம்பந்தப்பட்டது. அமெரிக்காவில் சின்னக் கொள்கை பெரிய கட்சிக்குள் உட்கட்சிப் போட்டி வழியாக நுழைகிறது. இங்கே நுழைவாசல் கூட்டணி. ராஜாஜி காங்கிரஸை வீழ்த்த வேண்டும் என்றார். அண்ணாவும் அதையே சொன்னார். 1937-இல் பள்ளியில் இந்தியைக் கட்டாயமாக்கப் புறப்பட்டவர் ராஜாஜி. அதை எதிர்த்து வளர்ந்தவர் அண்ணா. 1965 வந்தபோது இருவரும் இந்தித் திணிப்புக்கு எதிராக ஒரே பக்கம் நின்றார்கள். 1967-இல் சுதந்திராவின் நட்சத்திரமும் தி.மு.க.வின் உதயசூரியனும் ஒன்றாக வாக்குக் கேட்டன. சட்டமன்றத்தில் தி.மு.க.வுக்கு 137 இடம், சுதந்திராவுக்கு 20. அந்த மார்ச்சில் அண்ணா முதலமைச்சர்.

இரண்டு கட்சியும் எதிரெதிர்த் திசை என்பதை யோசித்துப் பாருங்கள். ஒருவர் அரசு விலக வேண்டும் என்கிறார். மற்றவர் ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்கிறார். அவருடைய ஆட்சி பேருந்துகளை அரசுடைமையாக்கத் தொடங்கியது. சூரியன் உதித்த பிறகு வானத்தில் நட்சத்திரம் எங்கே என்று தேட வேண்டியதாயிற்று. 1971-இல் ராஜாஜி அணி மாறி, அதுவரை எதிர்த்த காமராஜரோடு சேர்ந்து தி.மு.க.வை எதிர்த்தார், தோற்றார். மக்களவையில் கட்சி 8 இடமாகச் சுருங்கியது. 1972 டிசம்பர் 25 அன்று ராஜாஜி காலமானார். 1974-இல் மிச்சமிருந்த கட்சி பாரதிய லோக் தளத்தில் கரைந்தது. 1991-இல் லைசென்ஸ் ராஜ்யத்துக்கு முடிவுரை எழுதியது யார்? எந்தக் காங்கிரஸை எதிர்த்துக் கட்சி பிறந்ததோ அதே காங்கிரஸ். நரசிம்ம ராவும் மன்மோகன் சிங்கும். நிக்சனும் கார்ட்டரும் அங்கே செய்ததை இவர்கள் இங்கே செய்தார்கள்.

இதுவரை வரலாறு. என் மனதை அறுப்பது வேறு மூன்று விஷயங்கள். மூன்றும் ராஜாஜியோடு சேர்ந்தவை. மூன்றும் தறியோடோ தறிக்காரனின் கூலியோடோ சேர்ந்தவை.

முதலாவது 1952. கைத்தறித் துணி தேங்கி, நெசவாளர் கஞ்சித் தொட்டிக்கு வந்த காலம். அந்த ஆண்டு ஜூனில்தான் முதலமைச்சர் ராஜாஜி உணவு தானியக் கட்டுப்பாட்டை எடுத்துத் துணிச்சலாக ரேஷனை ஒழித்தார்; சந்தை பார்த்துக்கொள்ளும் என்றார். அதே ராஜாஜி நெசவாளர் பக்கம் திரும்பியதும் வேறு மாதிரிப் பேசினார். வேட்டியும் சேலையும் நெய்யும் உரிமையைக் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டும், மில்கள் தொடக் கூடாது என்று டெல்லியைக் கேட்டார். டெல்லி முழுதும் இணங்கவில்லை. மில்கள் நெய்யும் வேட்டியை 1951-52 அளவில் 60 சதவீதமாகக் குறைத்தது, 1953-இல் மில் துணிக்குக் கெஜத்துக்கு மூன்று தம்பிடி வரி போட்டு அந்தப் பணத்தைக் கதருக்கும் கைத்தறிக்கும் திருப்பியது. அதே காலத்தில் அண்ணாவும் கட்சிக்காரர்களும் கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றார்கள். கோட்டாவை வாழ்நாளெல்லாம் திட்டப்போகிறவர் நமக்காகக் கோட்டா கேட்டார். இதைப் போலித்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். பட்டினியை நேரில் பார்த்தவருக்குக் கொள்கை சற்று இளகும்.

இரண்டாவது மது. 1937 அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தவர் அவர். அதனால் அரசின் வருவாயில் விழுந்த ஓட்டையை அடைக்க 1939-இல் பொது விற்பனை வரி போட்டார். இன்று சேலை பில்லில் நீங்கள் முணுமுணுக்கும் 5 சதவீத ஜி.எஸ்.டி.க்கு அது தாத்தா முறை. அமெரிக்க லிபர்டேரியன் இதைக் கேட்டால் ராஜாஜியைத் தன் கட்சியில் சேர்க்கவே மாட்டான். குடிப்பதும் குடிக்காததும் அவனவன் பாடு என்பான். ஆனால் கூலி வாங்கிய சனிக்கிழமை ராத்திரி நம் தெருவில் கேட்ட சத்தத்தை உங்கள் அம்மாவிடம் கேளுங்கள். அந்தக் கூலி குடித்தவனுடையது மட்டும்தானா? நூல் இழைத்தவள், தார் சுற்றியவள், கண் எரிய ஜரிகை பிரித்தவள் வீட்டில் இருந்தாளே. 1971-இல் மதுவிலக்கைத் தளர்த்தப் போகிறார்கள் என்றதும், 92 வயதில் முதலமைச்சர் கருணாநிதியின் வீடு தேடிப் போய் வேண்டாம் என்று கேட்டவர் ராஜாஜி. கடை திறக்கப்பட்டது. இன்று அரசே கடைக்காரர். இதில் யார் விடுதலை அடைந்தார் என்று எனக்குத் தெளிவில்லை.

மூன்றாவது 1953. கிராமத்துப் பிள்ளைகளுக்கு நாளில் ஒரு வேளை மட்டும் பள்ளிக்கூடம். மறுவேளை அப்பன் தொழிலைக் கற்றுக்கொள்ளட்டும் என்று ராஜாஜி ஒரு திட்டம் கொண்டுவந்தார். எதிர்த்தவர்கள் அதைக் குலக்கல்வி என்றார்கள். பெரியாரும் அண்ணாவும் மட்டுமல்ல, காங்கிரஸுக்குள்ளேயே எதிர்ப்பு. 1954-இல் அவர் பதவி விலகினார், காமராஜர் வந்தார், திட்டம் போயிற்று. பிறகு மதிய உணவு வந்தது.

இந்த மூன்றாவது என் வீட்டுக் கதையும்கூட. கோர்வைச் சேலைக்கு உடம்பு ஒரு நாடா, கரைக்குத் தனி நாடா. பக்கத்தில் ஒரு சின்னக் கை இருந்தால்தான் வேலை ஓடும். அந்தச் சின்னக் கையாக இருந்தவன் நான். காலையில் பள்ளிக்கூட மணி கேட்கும். எனக்கு அப்பாவின் மிதிச் சத்தம் கேட்கும். என்னைக் கட்டிவைத்தது எந்த அரசு அதிகாரியும் இல்லை. அப்பா கெட்டவரும் இல்லை. ஒரு முதலாளியிடம் அவர் வாங்கியிருந்த முன்பணம்தான் எங்கள் வீட்டில் சட்டம். பாவு அவருடையது, பட்டு அவருடையது, ஜரிகை அவருடையது. தறியும் முதுகும் மட்டும் எங்களுடையது. வேறு இடத்தில் கூலி கூடக் கிடைக்கும் என்றால் போகலாம். முன்பணத்தை வைத்துவிட்டுப் போகலாம். கையெழுத்துப் போட்டுத்தானே வாங்கினாய்? உன் இஷ்டம்தானே? ஆமாம், இஷ்டம்தான். நீங்கள் காட்டிய பத்துக் கேள்வியில் முன்பணத்தைப் பற்றி ஒரு கேள்வி இல்லையே, தம்பி. அதனால்தான் என் புள்ளி நடுவில் விழுந்தது.

என் தம்பியை மீட்டது பள்ளிக்கூடத்துச் சோறு. பிள்ளைகளைத் தறியில் வைத்தால் வழக்கு என்ற சட்டம் வந்த பிறகு உங்களை யாரும் நாடா பக்கம் உட்கார வைக்கவில்லை. உங்கள் பட்டத்துக்கும் ஒரகடத்து வேலைக்கும் பின்னால் அரசின் கை இருக்கிறது. அது உங்கள் அப்பாவின் விருப்பத்துக்கும் முதலாளியின் வசதிக்கும் எதிராக நீண்ட கை. அதைத் தட்டிவிட்டுச் சுதந்திரம் பேசினால் எனக்குச் சற்று வலிக்கும்.

அதற்காக அரசு செய்வதெல்லாம் பலாக்கனி என்று நான் சொல்ல வரவில்லை. சுமை முறை எது என்று உங்களைவிட எனக்குத் தெரியும். ஓர் அடையாள அட்டையைப் புதுப்பிக்க ஓர் அலுவலகத்துக்கு நான் நான்கு முறை போனேன். கூலி போன நான்கு நாளுக்கு அங்கே ரசீது இல்லை. கூட்டுறவுச் சங்கம் முதலாளியின் பிடியிலிருந்து ஆயிரக்கணக்கானவர்களைக் காப்பாற்றியது. அதே சங்கங்கள் அரசு தர வேண்டிய தள்ளுபடி (ரிபேட்) பணம் வரவில்லை என்று கையைப் பிசைந்ததும் உண்டு. உறுப்பினரின் சங்கமா, அதிகாரியின் சங்கமா என்று கேட்க வேண்டிய காலங்களும் இருந்தன. இலவச வேட்டி சேலைத் திட்டம் 1983-இலிருந்து பல தறிகளுக்குச் சோறு போட்டது. அரசு ஆர்டர் எப்போது வரும் என்று வாயைப் பிளந்து நிற்கும் பழக்கத்தையும் கற்றுக்கொடுத்தது. இங்கேதான் உங்கள் கொள்கைக்காரர்கள் எனக்கு வேண்டும். அவர்கள் கேட்கிற கேள்வி கூர்மையானது: இதை யார் கேட்டார்கள்? யார் சுமக்கிறார்கள்? சுமக்கிறவனைக் கேட்டீர்களா?

ஒரு சட்டத்தை வைத்துப் பழகிப் பார்ப்போம். 1985-இல் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. இன்னின்ன ரகங்களை விசைத்தறியில் நெய்யக் கூடாது. முதலில் 22 ரகம்; பிறகு 11 ஆகச் சுருக்கினார்கள். விசைத்தறிக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 1993-இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. லிபர்டேரியன் என்ன சொல்வான்? வாங்குகிறவளுக்கு எது பிடிக்கிறதோ வாங்கட்டும், ஒதுக்கீட்டை எடு என்பான். சரி, காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறதே, அது? விசைத்தறியில் ஓட்டிய சேலையைக் கைத்தறிக் காஞ்சிப் பட்டு என்று சொல்லி விற்றால்? அதைத் தண்டிக்க வேண்டும் என்று அவனும் சொல்வான். மோசடியைத் தடுப்பது அரசின் வேலை என்பதில் அவர்களுக்குள் பிணக்கு இல்லை. இப்போது யோசியுங்கள். நம் தொழிலைக் கொல்வது ஒதுக்கீடு இல்லாமையா, பொய்ப் பெயரா? பொய்ப் பெயரைக் கண்டிப்பாகப் பிடித்தாலே பாதிப் போர் முடியும் என்று நெசவாளர் பலர் நினைக்கிறோம். அந்தப் பாதியில் லிபர்டேரியனும் நானும் ஒரே தறியில் உட்காரலாம். மறுபாதியில் ராஜாஜி 1952-இல் செய்ததை நான் செய்வேன்.

அதனால் உங்களிடம் கேட்பது இரண்டு.

அமெரிக்கக் கட்டத்தில் உங்கள் புள்ளி எங்கே என்று தேடுவதைக் கொஞ்சம் நிறுத்துங்கள். அங்கே அரசு என்றால் பெரும்பாலும் கேட்பது வரி, கொடுப்பது சம்மன். இங்கே கேட்பதும் உண்டு, கொடுப்பதும் உண்டு, கொடுப்பதுபோல் கேட்பதும் உண்டு. அங்கே தனி மனிதனுக்கு எதிரில் அரசு நிற்கிறது. இங்கே இருவருக்கும் நடுவில் சாதி, தெரு, முதலாளி, கட்சிக்காரர், கந்துக்காரர் என்று ஒரு வரிசை நிற்கிறது. அரசு ஓர் அடி பின்வாங்கினால் அந்த இடத்துக்கு நீங்கள் வருவீர்களா, அந்த வரிசையில் ஒருவர் வருவாரா என்று முதலில் பாருங்கள்.

அடுத்தது, "உங்கள் கொள்கையை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்" என்று எந்தப் பெரிய கட்சி வந்தாலும் எந்தத் துண்டை என்று கேளுங்கள். கம்பெனிக்குக் கட்டுப்பாட்டைத் தளர்த்தும் கை, நீங்கள் முகநூலில் எழுதியதற்கு வழக்குப் போடும் கையாகவும் இருக்கலாம். சுதந்திராக் கட்சியும் லிபர்டேரியன் கட்சியும் தோற்றதாக எல்லோரும் சொல்கிறார்கள். அவர்கள் கேட்ட கேள்விகள் தோற்கவில்லை. கேட்கும் ஆள்தான் கட்சிக்குள் கரைந்துபோனார். நீங்கள் கரைந்துவிடாதீர்கள். கட்சியில் சேருங்கள், சேராமலும் இருங்கள். கேட்கும் வாயை மட்டும் அடகு வைக்காதீர்கள். அடகின் வட்டி என்ன என்று இந்த ஊரில் தெரியாதவர் இல்லை.

அந்தப் பலா மரத்துப் பையனை இப்போது நினைத்தால் எனக்கு ஒன்று தோன்றுகிறது. அவன் தனியாக இருந்தான். முறை போட்டுச் சுமந்தவர்கள் ஊர் முழுக்க இருந்தும் யாரும் ஒன்றுகூடி, கனி இருக்கட்டும், சுமை வேண்டாம் என்று அரசனிடம் போகவில்லை. தனியாக விடப்பட்டவன் கையில் தீக்கொள்ளிதான் இருக்கும்.

வரும் ஞாயிறு நான் அதே இடத்தில் இருப்பேன். அந்தக் கைபேசியைக் கொண்டுவாருங்கள். பத்துக் கேள்விக்கும் திரும்பப் பதில் சொல்கிறேன். ஆனால் பதினொன்றாவது கேள்வி ஒன்றை, நம் தெருவிலிருந்து, நீங்களே எழுதிக் கொண்டுவர வேண்டும். உங்கள் அம்மாவிடம் கேட்டு எழுதினால் இன்னும் நல்லது.

அன்புடன்,
உங்கள் ஊர்ப் பெரியப்பா,
மாகறல்.